சம்பளப் பட்டியலைக் காட்டுங்கள்: பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் கலைஞர்களுக்காக ஒரு திறந்த மடல்

மும்பையில் உள்ள தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் நிர்வாகத்தாருக்கும், பழைய பிலிம்ஸ் டிவிஷனின் கோப்புகளை இன்று பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் கேட்டு வந்திருப்பது படங்களை அல்ல. படங்களைக் காப்பாற்றச் சொல்லி உங்களுக்கு எழுதியவர்கள் பலர். அவர்களில் பெரிய இயக்குநர்களும் உண்டு. எனக்கு வேண்டியது சம்பளப் பட்டியல்கள். 1956 தொடங்கி, மத்திய அரசின் படத் தயாரிப்பு நிறுவனமாக இருந்த பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் யார் எந்த மாதம் சேர்ந்தார், எந்தப் பதவியில் இருந்தார், எப்போது விடுப்பு எடுத்தார், எப்போது ஓய்வு பெற்றார் என்று குமாஸ்தாக்கள் வரி வரியாக எழுதிவைத்த தடித்த பதிவேடுகள். பணிப் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஓய்வூதியக் கோப்பு. யாருக்கும் சுவாரசியம் இல்லாத அந்தக் காகிதங்களுக்காகத்தான் இவ்வளவு நீண்ட மடல்.

ஏன் என்று சொல்ல, என் ஊர் டென்ட் கொட்டகைக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும்.

நான் ஓவிய ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் 1960களில் வளர்ந்தேன். தரை டிக்கெட் வாங்கினால் மணலைக் கூட்டி மேடு கட்டி அதன்மேல் உட்காரலாம். பின்னால் இருப்பவன் கத்துவான். மேட்டைப் பாதியாகக் கரைத்துவிட்டு மறுபடி உட்காருவோம். சாமி பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும் எம்.ஜி.ஆரோ சிவாஜியோ வந்துவிட மாட்டார்கள். முதலில் பிலிம்ஸ் டிவிஷன் வரும். கொட்டகை நடத்த உரிமம் வேண்டுமென்றால் அந்தப் படத்தைப் போட்டே தீர வேண்டும் என்பது சட்டம். ஓர் அணை, ஒரு வெள்ளம், ரிப்பன் வெட்டும் ஒரு மந்திரி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே சீராகத் தமிழ் பேசும் ஒரு கனத்த குரல். பெரியவர்கள் வெளியே போய்ப் பீடியைப் பற்றவைத்துக்கொள்வார்கள். மணல் மேட்டை யாராவது பிடித்துக்கொள்வார்களே என்ற பயத்தில் பிள்ளைகள் நாங்கள் மட்டும் உள்ளேயே இருப்போம்.

ஒருநாள் அந்த நேரத்தில் திரையில் ஓர் ஈ வந்தது. வரைந்த ஈ. சுகாதாரத்தைப் பற்றிய ஏதோ ஒரு கார்ட்டூன், தலைப்பு மறந்துபோயிற்று. அந்த ஈ ஒரு பண்டத்தின்மேல் உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டது. விருந்துக்கு வந்த சம்பந்தி இலைக்கு முன்னால் உட்கார்ந்து கையைத் தேய்ப்பாரே, அதே மாதிரி. கொட்டகை முழுக்கச் சிரித்தது. வெளியே இருந்தவர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தார்கள். மறுநாள் என் கணக்கு நோட்டின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக நாற்பது ஈ வரைந்தேன். பக்கங்களை விரலால் விசிறினால் கால் தேய்த்தது. வாத்தியார் கண்டுபிடித்து நாற்பதுக்கும் சேர்த்து அடித்தார். அன்று வாங்கிய அடியில்தான் நான் ஓவியன் ஆனேன் என்று என் மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

அந்த ஈயை வரைந்தவர் யார்?

அறுபது வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. கேள்வி அந்த ஓர் ஆளோடு முடிவதும் இல்லை. ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு சட்டகம் (ஃபிரேம்) ஓடும் படத்தில், பத்து நிமிடத்துக்கு 14,400 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திச் சிக்கனம் பிடித்தாலும் 7,200 வரைபடங்கள் வேண்டும். அதுவும் திரையில் ஓர் உருவம் மட்டும் இருந்தால். முக்கியமான நிலைகளைத் தலைமைக் கலைஞர் வரைவார். கால் தூக்குவதற்கும் வைப்பதற்கும் நடுவில் வரும் படங்களை இளையவர்கள் வரைவார்கள். பிறகு அந்தப் பென்சில் கோட்டை ஒருவர் ‘செல்’ எனப்படும் கண்ணாடி போன்ற தாளில் மையால் இழுப்பார். இன்னொருவர் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வண்ணம் தீட்டுவார். முன்பக்கம் தீட்டினால் கோடு மறையும், தூரிகைத் தடமும் தெரிந்துவிடும். தன் கை பட்டதே தெரியாமல் இருப்பதுதான் வேலையின் நேர்த்தி என்ற நிலையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து தீட்டியவர்கள் அவர்கள். கடைசியில் கேமராக்காரர் ஒவ்வொரு தாளாக வைத்து, அழுத்தி, ஒரு சட்டகம் எடுத்து, தாளை மாற்றி, மறுபடி அழுத்தி எடுப்பார். எல்லாம் முடிந்ததும் செல் தாளைக் கழுவி அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வது அந்தக் கால ஸ்டுடியோக்கள் பலவற்றில் வழக்கம். வரைந்தவரின் பெயரும் இல்லை, வரைந்த தாளும் இல்லை.

அந்தப் பிரிவு எப்படி உருவானது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த மடலைப் படிக்கப்போகும் தமிழர்கள் பலருக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் கார்ட்டூன் முயற்சிகள் அதற்கு முன்பே இருந்தன. இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் பால்கே தீக்குச்சிகளை நகரவைத்துப் பார்த்தார். ஜி.கே. கோகலே 1939இல் ‘சூப்பர்மேன்ஸ் மித்’ என்ற படம் செய்தார். சென்னையில் ஜெமினி ஸ்டுடியோவுக்காக என். தாணு என்ற கலைஞர் 1947இல் ‘சினிமா கதம்பம்’ என்ற கார்ட்டூனை உருவாக்கினார். ஜெமினி அதிபர் வாசன் ‘சந்திரலேகா’வில் தமிழர்களுக்கு யானையையும் முரசையும் காட்டியதை ஊரே பேசும். கார்ட்டூனும் காட்டினார் என்பதைப் பேசுவார் இல்லை. இவையெல்லாம் தனித்தனிப் பொறிகள். அணையாத அடுப்பாக அதை மூட்டியது 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன்தான். 1956இல் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாய்க்கு வந்தார். மிஷனரித் தம்பதிக்கு இந்தியாவிலேயே பிறந்தவர். பிறகு டிஸ்னி ஸ்டுடியோவில் சேர்ந்து ‘ஸ்னோ ஒயிட்’, ‘பாம்பி’, ‘பீட்டர் பான்’ போன்ற படங்களில் வேலை பார்த்தவர். கேலிச்சித்திரக்காரர்கள், ஓவியப் பள்ளியில் படித்தவர்கள் என்று ஒரு சிறு கூட்டத்தை உட்காரவைத்து, பந்து எப்படித் துள்ளும், மான் எப்படி ஓடும் என்று கற்றுக்கொடுத்தார். 1957இல் ‘தி பேனியன் டீர்’ வந்தது. கருவுற்ற பெண்மானுக்காகத் தன் கழுத்தை நீட்டும் மான் அரசனின் கதை; புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்று. டிஸ்னியிலிருந்து வந்த ஆசிரியரின் கையில் பழகியவர்கள், அஜந்தாச் சுவரின் சாயலில் மானை வரைந்தார்கள். ஓவிய ஆசிரியனாக இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கும். குரு பாம்பியை வரைந்தவர். சீடர்கள் அஜந்தாவுக்குப் போனார்கள்.

அந்த முதல் கூட்டத்தில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு, சோதனைக்குழாயை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்ட இருபத்தைந்து வயது இளைஞர். கார்ட்டூன் பிரிவில் பத்தாண்டுக்கும் மேல் இருந்தார். பிறகு எல்.வி. பிரசாத்தின் பிரசாத் நிறுவனத்தின் அனிமேஷன் பிரிவை நடத்தினார். 1972இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ படத்திலும் சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ படத்திலும் வரும் அனிமேஷன் காட்சிகள் அவருடையவை. ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவோடு சேர்ந்து 1992இல் இந்திய–ஜப்பானியக் கூட்டுமுயற்சியாக ராமாயணத்தை முழுநீள அனிமேஷன் படமாக்கினார். அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மறுபடி திரைக்கு வந்தபோது, பேரக்குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். 2014இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2019இல் மறைந்தார்.

பீம்சைன் 1961இல் பின்னணி ஓவியராகச் சேர்ந்தவர். பின்னணி ஓவியர் என்றால் மரம், வீடு, வானம் வரைபவர்; முன்னால் நடமாடும் உருவத்தைத் தொட அனுமதி இல்லாதவர். அங்கிருந்து எழுந்து வந்து, ‘தி கிளைம்ப்’ என்ற தன் குறும்படத்துக்குச் சிகாகோ விழாவில் வெள்ளி ஹியூகோ விருது வாங்கினார். விஜயா முலே இயக்கி 1974இல் பிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’வுக்கு அனிமேஷன் அவருடையது. வேடன் வலையைப் பறவைகள் எல்லாம் சேர்ந்து தூக்கிக்கொண்டு பறக்குமே, அதுதான். தூர்தர்ஷனில் அது வந்தபோது ஹிந்தியில் ஒரு சொல் தெரியாத எங்கள் தெருப் பிள்ளைகள் வலையோடு சேர்ந்து பறந்தார்கள். எந்த மொழிப் பிரச்சாரமும் சாதிக்காததை அந்தப் பறவைகள் ஏழு நிமிடத்தில் சாதித்தன. இதை எழுதுவதால் என்மேல் யாருக்காவது கோபம் வந்தால், வரட்டும்.

பிரமோத் பதியைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். ஒடிசாக்காரர். பிராகில் பொம்மலாட்டப் படங்களின் மேதை யிர்ஷி டிரன்காவிடம் பயின்றவர். அரசாங்கத்தின் குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்தியையே எடுத்துக்கொண்டு அதைக் குரங்காட்டம் ஆடவைத்தவர். 1968இல் வந்த ‘எக்ஸ்ப்ளோரர்’ படத்தை இன்றைக்கு ஓட்டினாலும் இருபது வயதுப் பையன் நிமிர்ந்து உட்காருவான். ஓவியர் ஆபித் சுர்தியை ஓர் அறைக்குள் வைத்து, மனிதரையே கார்ட்டூன் போலச் சட்டகம் சட்டகமாக நகர்த்தி 1972இல் ‘ஆபித்’ எடுத்தார். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு அரசு அலுவலகத்துக்குள் மூச்சுவிட இடம் பிடித்துக்கொடுத்தவர் ஜஹாங்கீர் பாவ்நகரி. அவரே மாயவித்தைக்காரர், மட்பாண்டக் கலைஞர். கோப்புகளுக்கு நடுவில் ஒரு மாயவித்தைக்காரர் இருந்ததால்தான், அந்த அறுபதுகளின் இறுதியில் ஓவியர் எம்.எஃப். உசேனின் ‘த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்’ உங்கள் நிறுவனத்திலிருந்து போய் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. தையப் மேத்தா தன் படத்துக்குத் தமிழில் ‘கூடல்’ என்று பெயர் வைத்ததும் அந்தக் காலத்து வெளிச்சத்தில்தான். குஜராத்தி பேசும் ஓர் ஓவியருக்குத் தமிழ்ச் சொல் எங்கிருந்து கிடைத்ததோ, மதுரைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பிலிம்ஸ் டிவிஷனின் எத்தனையோ படங்களுக்கு இசையமைத்த விஜய ராகவ ராவ், சென்னையில் பிறந்த புல்லாங்குழல்காரர்.

உங்கள் நிறுவனம் எடுத்ததெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான படங்கள் வெளியே பீடி பிடித்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்று நினைக்கவைப்பவை. நெருக்கடி நிலைக் காலத்தில் எடுத்த துதிப்படங்களை இன்று பார்த்தால் கூசுகிறது. ஆனால் அந்தத் துதிப்படத்தின் வரைகலையையும், அந்த ஈயையும், ஒரே மேசையில், ஒரே சம்பளத்துக்கு, ஒரே கைகள்கூடச் செய்திருக்கலாம். என்ன வரைய வேண்டும் என்பதை முடிவு செய்தவர்களின் பெயர்கள் படத்தின் முதல் அட்டையிலேயே இருக்கின்றன. எப்படி வரைய வேண்டும் என்று இராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டவர்களின் பெயர்கள்தாம் இல்லை.

மேலே நான் சொன்ன பெயர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரலும் மறு கையில் கொஞ்சமும் போதும். எல்லாரும் இயக்குநர், தலைமைக் கலைஞர், விருது வாங்கியவர். மீதிப் பேர் எங்கே? கோடு இழுத்தவர், வண்ணம் தீட்டியவர், செல் தாளைக் கழுவியவர், பின்னணி ஓவியராகவே சேர்ந்து பின்னணி ஓவியராகவே ஓய்வு பெற்றவர், அவர்களில் இருந்த பெண்கள்? அந்தக் கனத்த குரலில் எங்களுக்குத் தமிழ் பேசியவர் யார்? எங்கள் ஊரில் வானொலிச் செய்தி வாசிப்பவரின் பெயர் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். அதைவிட அதிகமாக நாங்கள் கேட்ட அந்தக் கொட்டகைக் குரலுக்குப் பெயரே இல்லை.

கிளேர் வீக்ஸ் வந்த டிஸ்னி ஸ்டுடியோவிலும் இதே கதைதான் நடந்தது. 1937இல் வெளியான ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் தொடக்கத்தில், தன் ஊழியர்களின் விசுவாசத்துக்கும் உழைப்புக்கும் நன்றி சொல்லி வால்ட் டிஸ்னியின் கையெழுத்தோடு ஓர் அட்டை வரும். அந்தப் படத்தின் ஒவ்வொரு கோட்டையும் மையால் இழுத்து, ஒவ்வொரு கன்னத்துக்கும் வண்ணம் வைத்த பெண்களின் பெயர்கள் அதில் இல்லை. ‘பாம்பி’யின் மூடுபனிக் காடு எப்படி இருக்க வேண்டும் என்று சொங் காலத்துச் சீன ஓவிய மரபிலிருந்து வழி காட்டியவர் டைரஸ் வாங். படத்தில் பின்னணி ஓவியர்களில் ஒருவராகப் பெயர் வந்தது, அவ்வளவுதான். படம் வெளிவருமுன்பே வேலையும் போயிற்று. மை இழுக்கும் பிரிவில் தொடங்கி நாற்பது ஆண்டுகள் உழைத்த ரூத்தி டாம்சனுக்கு 2000ஆம் ஆண்டிலும், டைரஸ் வாங்குக்கு அதற்கு அடுத்த ஆண்டிலும் ‘டிஸ்னி லெஜண்ட்’ விருது கொடுத்தார்கள். இருவருமே 1910இல் பிறந்தவர்கள். தொண்ணூறு வயதில் வந்த மாலை. இருவரும் நூறைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதால் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. நம் ஆட்களிடம் நூறு வயது வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. 1956இல் இருபத்தைந்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூற்றைத் தாண்டிவிட்டது. எழுபதுகளில் சேர்ந்தவர்கள் மும்பையின் ஏதோ ஒரு புறநகர் குடியிருப்பில் மூன்றாவது மாடிப் படியேற முடியாமல் இருப்பார்கள்.

ஆனால் டிஸ்னிக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. பிலிம்ஸ் டிவிஷன் ஓர் அரசு அலுவலகம்! கலைஞனை அரசு அலுவலகம் எத்தனை விதமாக இம்சிக்கும் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதலாம். இருந்தாலும் அது ஒரு நன்மை செய்யும்: எழுதிவைக்கும். ஒரு பைசா கொடுத்தால் நான்கு பிரதி எடுக்கும். மை இழுத்தவரின் பெயரைப் படத்தில் போட மறந்த அதே அலுவலகம், அவருடைய பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாவற்றையும் பணிப் பதிவேட்டில் எழுதாமல் ஒருநாள்கூட வேலை கொடுத்திருக்காது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாணவர்களைக் கூட்டிப்போகும்போதெல்லாம் நான் விமானத்தைக் காட்டுவதற்கு முன் வெளிச்சுவரைக் காட்டுவேன். ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட ஆடல் மகளிர் நானூறு பேரைக் கோயிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினான். அந்த நானூறு பேரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் கல்லில் இருக்கிறது. நட்டுவம் ஆடியவர், பாடியவர், தையற்காரர், பெருந்தச்சன் என்று பட்டியல் நீள்கிறது. நாவிதரின் பெயர்கூட இருக்கிறது. பிள்ளைகள் கேட்பார்கள், “சார், இது என்ன காவியமா?” இல்லை, சம்பளப் பட்டியல் என்பேன். ஆயிரம் ஆண்டு கழித்து ஆடியவளின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், கவிஞன் பாடியதால் அல்ல, கணக்கன் எழுதியதால்.

இதைச் சொன்னால் என் நண்பர் ஒருவர் சிரிக்கிறார். “சம்பளம் வாங்கிக்கொண்டு பத்து முதல் ஐந்து வரை செய்த வேலை, இதற்கு ஒரு மரியாதையா?” என்கிறார். அவரும் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். தனக்குச் சால்வை போர்த்திய படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

பிலிம்ஸ் டிவிஷன் 2022 மார்ச்சில் உங்கள் கழகத்தின்கீழ் வந்தது. குழந்தைகள் திரைப்படக் கழகம், திரைப்பட விழா இயக்ககம், புனேயில் 1964 முதல் இருந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் எல்லாம் ஒரே கூரைக்குள் வந்தன. அப்போது திரைத்துறையினர் பலர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அந்த வழக்கை இங்கே மறுபடி நடத்த எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய கவலை படச்சுருள்களைப் பற்றியது, நியாயமான கவலை. 2003இல் புனே தீ விபத்தில் பால்கே காலத்துச் சுருள்கள் எரிந்துபோனதை மறக்க முடியுமா? அந்தக் கவலைக்கு ஓரளவு பதிலும் சொல்லியிருக்கிறீர்கள். அதே 2022இல் 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் என்று அமைச்சர் அறிவித்தார். பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் ஏற்றியிருக்கிறீர்கள். இரவு தூக்கம் வராத கிழவனுக்கு அது பெரிய உதவி, நன்றி.

ஆனால் காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. படச்சுருளுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள், வருகைப் பதிவேட்டுக்கு யார் இருக்கிறார்கள்? அரசு அலுவலகங்களில் காலக்கெடு முடிந்த கோப்புகளைக் கழிப்பதற்கு விதி இருக்கிறது. விதிப்படி நடக்கும் ஒருவர், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், ஒரு சனிக்கிழமை மதியத்தில் ஒரு கலையின் மொத்தப் பெயர்ப் பட்டியலையும் எடைக்குப் போட்டுவிட முடியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளி கட்டடம் மாறியபோது அப்படித்தான் நடந்தது. சில மாதம் கழித்துக் கடைத்தெருவில் வேர்க்கடலை மடித்துத் தந்த தாளைப் பிரித்தால், எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு; பத்தொன்பதாவது பெயர் என் மாணவனுடையது. வருகை போட்ட கையெழுத்து என்னுடையது.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். முதலில், கார்ட்டூன் பிரிவின் பணியாளர் பதிவேடுகள், பட வாரியான வேலை ஒதுக்கீட்டுக் கோப்புகள், மொழிப் பதிப்புகளுக்குக் குரல் கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுத்த ரசீதுகள் எதையும் கழிக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். ஒரு பக்க உத்தரவு. செலவு, காகிதமும் ஒரு முத்திரையும். மற்றதெல்லாம் மெதுவாக நடக்கலாம், இது மட்டும் இந்த மாதமே வேண்டும்.

பிறகு அந்தப் பதிவேடுகளிலிருந்து பெயரையும் பதவியையும் பணிக்காலத்தையும் மட்டும் எடுத்து வெளியிடுங்கள். யார் எவ்வளவு கடன் வாங்கினார், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் எங்களுக்கு எதற்கு? பணிக்காலத்தைப் படம் வெளிவந்த ஆண்டோடு பொருத்தினாலே, இந்தப் படம் தயாரானபோது பிரிவில் இருந்தவர்கள் இவர்கள் என்று ஒரு பட்டியல் கிடைத்துவிடும். யூடியூபில் ஒவ்வொரு படத்தின் கீழேயும் அதைப் போடுங்கள். இன்று அங்கே பெரும்பாலும் இயக்குநர் பெயரோடு நின்றுவிடுகிறது. இன்னார்தான் இந்த ஈயை வரைந்தார் என்று அந்தப் பட்டியல் சொல்லாது, எனக்குத் தெரியும். இத்தனை பேரில் ஒருவர் என்றாவது சொல்லுமே!

உயிரோடு இருப்பவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். இதற்கும் உங்களிடமே வழி இருக்கிறது: ஓய்வூதியம் யாருக்குப் போகிறது, குடும்ப ஓய்வூதியம் யாருக்குப் போகிறது என்பது அரசாங்கத்துக்குத் தெரியாதா? ஆண்டுதோறும் ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று அவர்களிடம் சான்றிதழ் வாங்குகிறது. அதே கையோடு ‘எந்தப் படத்தில் என்ன செய்தீர்கள்’ என்றும் கேட்டுவிடலாம். யார் வீட்டுப் பரணிலாவது கழுவப்படாத ஒரு செல் தாள் இருக்கும். ஒரு பென்சில் வரைபடம் பேரப்பிள்ளையின் புத்தகத்துக்கு அட்டையாக இருக்கும்.

குல்ஷன் மஹாலில் 2019இல் திறந்த இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகம் பிலிம்ஸ் டிவிஷன் வளாகத்திலேயேதான் இருக்கிறது. இந்தக் கலைஞர்கள் தினமும் டிபன் டப்பாவோடு நுழைந்த அதே வளாகம். காந்தியும் சினிமாவும் என்று அங்கே ஒரு தளம் இருக்கிறது. குழந்தைகளுக்கு ஒரு தளம் இருக்கிறது. அங்கே ஒரு சுவரில் இவர்கள் பெயர்களை எழுதுங்கள். சேர்ந்த தேதி வரிசையில் எழுதுங்கள், பதவி வரிசையில் வேண்டாம். கல்லில் வெட்ட வேண்டும் என்று தஞ்சாவூர்க்காரனாகப் பிடிவாதம் பிடிக்க மாட்டேன், பெயின்ட் போதும். நீங்கள் நடத்தும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் வி. சாந்தாராம் பெயரில் வாழ்நாள் சாதனை விருது தருகிறீர்கள். அதை வாங்குபவர் பெரிய இயக்குநராக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே மேடையில் ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பென்சில் கோட்டின்மேல் மை இழுத்த ஒருவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பதிவேடுகளில் பெயர்கள் ஆங்கில முதலெழுத்துகளோடுதான் இருக்கும். அதில் ஒரு ‘எஸ்’ சுப்பிரமணியனா, சிவகாமியா, செல்வராஜா என்பதும், ஊர்ப்பெயரை யார் எப்படிச் சிதைத்து எழுதியிருக்கிறார்கள் என்பதும் மும்பையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். முப்பத்து நான்கு வருடம் வருகைப் பதிவேடு வாசித்தவன் நான். தமிழ்ப் பெயர்கள் இருக்கும் பக்கங்களை மட்டும் நகலெடுத்து அனுப்பினால் போதும். உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன். தபால் செலவு என்னுடையது. கண் புரைக்கு அறுவைசிகிச்சை போன மாதம்தான் முடிந்தது. பொடி எழுத்தும் இப்போது நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.